தேவசேனாவின் வெயில்

பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது ஏகாம்பரத்துக்கு அது கம்ப்யூட்டர் சாமானாகவே தெரியவில்லை. டிப்போவில் கழற்றிப் போட்ட பஸ் ரேடியேட்டரை யாரோ சுருக்கி அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்பியது போல இருந்தது. அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள். அவற்றைக் குத்தி ஊடுருவிப் போகும் ஆறு செப்புக் குழாய்கள். இரண்டு விசிறிகள், ஒவ்வொன்றும் டிபன் தட்டு அகலம். கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

"இன்னாம்மா இது, இவ்ளோ பெருசா இருக்குது? அந்த டப்பாக்குள்ள எப்படிப் போகும்?"

"போகும்ணே. போக வச்சிடலாம்," என்றாள் நஸ்ரீன். காட்பாடி ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "பெருசா இருந்தாத்தான் சூட்டை வாங்கி வெளிய தள்ளும். இருக்கிற குட்டி ஃபேனை வச்சிக்கிட்டு வேலூர் வெயிலைச் சமாளிக்க முடியாது."

ஏகாம்பரம் கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் தேவசேனா படுத்திருந்தாள். பதினான்கு மாதமாக அப்படித்தான் படுத்திருக்கிறாள். அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. காலையில் ஐந்தரைக்கு விசிலோடு மைதானத்தில் நிற்கிறவள். பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்கூட்டி சறுக்கியது, தலை சாலைத் தடுப்பில் மோதியது. உயிர் தங்கியது. கண் திறக்கவில்லை.

அவளுடைய மூளையில் எது கெட்டது, எது கெடவில்லை என்பதை டாக்டர் சத்தியபாமா ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து காட்டியிருந்தார். "இந்தப் பக்கமும் நல்லா இருக்கு. அந்தப் பக்கமும் நல்லா இருக்கு. நடுவுல வெள்ளம் போகுது. ரெண்டு கரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நாங்க ஒரு பரிசல் விடுறோம்."

அந்தப் பரிசல்தான் இந்தக் கம்ப்யூட்டர். அவள் தலைக்குள் வைத்த மெல்லிய வலையிலிருந்து ஒரு கம்பி வந்து இதில் சேருகிறது. ஒரு கரையின் செய்தியை வாங்கி, பிரித்துப் பார்த்து, மறு கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் நடை. புதிய சிகிச்சை. மாநிலம் முழுக்க இருபது பேருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பரிசல் ஓட ஆரம்பித்ததிலிருந்து தேவசேனா கனவு காண ஆரம்பித்தாள். கனவில் அவள் சொல்வதெல்லாம் திரையில் எழுத்தாக வரும். தலைமாட்டிலுள்ள மைக்கில் ஏகாம்பரம் பேசினால் அவளுக்குக் கேட்கும்.

அவள் கனவில் ஒரு மைதானம். வெடித்துக் கிடக்கும் ஏரித் தரை போல முடிவில்லாத மைதானம். அதில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டின் மேல் அவள் நடந்துகொண்டிருந்தாள். பங்குனி பிறந்ததும் திரையில் ஒரே சொல் வரத் தொடங்கியது.

வெயில்.

வெயில். நிழலே இல்லை. கால் சுடுது.

"பிராசஸர் சூடானா அதுவே தன் வேகத்தைக் குறைச்சிக்கும்," என்று டாக்டர் ஃபோனில் சொல்லியிருந்தார். "செய்தி தாமதமாப் போகுது. அந்தத் தாமதத்தை அவங்க மூளை வெயில்னு எடுத்துக்குது. ஏன்னு கேக்காதீங்க, எங்களுக்கே தெரியாது. ஓசூர்ல ஒருத்தருக்கு அது சேறாத் தெரியுதாம்."

போன வாரம் இரண்டு முறை சூடு தாங்காமல் மிஷின் தானாகவே அணைந்துவிட்டது. இரண்டாம் முறை தேவசேனாவின் நாடி நாற்பதுக்கு இறங்கியது. அதற்குப் பிறகுதான் இந்தப் பெரிய கூலரைப் போடச் சொல்லி அனுமதி வந்தது. ஒரு நிபந்தனை. நாற்பது நிமிஷத்துக்குள் வேலை முடிய வேண்டும். அதற்கு மேல் பரிசல் நிற்கக் கூடாது.

"சொல்லிட்டு நிறுத்துங்கண்ணே," என்றாள் நஸ்ரீன்.

ஏகாம்பரம் மைக்கருகே குனிந்தார். "சேனா, கொஞ்ச நேரம் பேச்சு வராது. பயப்படாத. நான் இங்கயே இருக்கேன்."

எங்க போறீங்க என்று திரை கேட்டது. பதில் சொல்வதற்குள் நஸ்ரீன் சுவிட்சை அணைத்துவிட்டாள். திரை கறுத்தது. காலை மணி பத்தேகால்.

அவள் கை பரபரப்பில்லாமல் வேகமாக ஓடியது. பக்கக் கதவைக் கழற்றினாள். பழைய விசிறியின் பிளக்கை உருவினாள். நாலு திருகை அவிழ்த்தாள். "இழுக்கக் கூடாது. லேசா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருகித் தூக்கணும். அவசரப்பட்டா பிராசஸரும் சேந்து வந்துடும், அதோட கதை முடிஞ்சிது." பழைய பசை சூட்டில் இளகியிருந்ததால் விசிறி சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. கீழே பிராசஸர் தெரிந்தது. பிஸ்கட்டை விடச் சின்னதொரு உலோகச் சதுரம். அதன் மேல் காய்ந்த சாம்பல் நிறப் பசை. நஸ்ரீன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தைக்குக் கண்மை துடைப்பது போலத் துடைத்தாள். சதுரம் கண்ணாடியாக மின்னியது.

ஏகாம்பரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனைவியின் மைதானம், கோடு, கால் சூடு எல்லாம் இந்தச் சதுரத்துக்குள்தான் நடந்துகொண்டிருந்தது என்பதை அவரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை.

மதர்போர்டுக்குப் பின்னால் தாங்குதகட்டை வைத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். முன்னால் இரண்டு இரும்புப் பட்டைகளைத் திருகினாள். துவரம்பருப்பு அளவுக்குப் புதுப் பசையைச் சதுரத்தின் நடுவில் வைத்தாள். கூலரைத் தூக்கியவள் சட்டென்று நிறுத்தி, அதன் அடியிலிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துக் காட்டினாள். "இதை உரிக்காம மாட்டிட்டு, கூலர் சரியில்லன்னு கடைக்குத் திரும்பி வரவங்க எத்தனை பேர் தெரியுமா?"

"மணி பத்து முப்பத்தஞ்சு ஆச்சும்மா."

"ஆகட்டும்ணே."

கூலரை இறக்கி, ஒரு திருகைக் கொஞ்சம், எதிர்த் திருகைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினாள். ஒரே பக்கம் முறுக்கினால் சாய்ந்து உட்கார்ந்துவிடுமாம். விசிறியை மாட்டும் கம்பியைப் பிடிக்கும் திருகு அப்போதுதான் கைநழுவியது. 'டிங்' என்றது. தகடுகளுக்கு நடுவே எங்கேயோ போய் விழுந்தது.

நஸ்ரீன் முகம் மாறியது. "அது உள்ள இருந்தா ஆன் பண்ண முடியாது. எதையாவது தொட்டுச்சின்னா போர்டு போயிடும்." டார்ச் அடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். காந்த முனையை விட்டாள். கூலரின் இடுக்கில் அவள் விரல் நுழையவில்லை. நாடி மானி அறுபது என்றது. ஐம்பத்தாறு என்றது.

"நகரும்மா," என்றார் ஏகாம்பரம்.

இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஓடும் பஸ்ஸில், ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி, தோல்பையின் மூலையில் ஒட்டிக்கொண்ட காசை இரண்டு விரலால் எடுத்துப் பழகியவர். கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டார். தகட்டு விளிம்பு கீறி ரத்தம் வந்தது. நாடி ஐம்பத்திரண்டு. விரல் நுனியில் ஏதோ உருண்டது. எடுத்துவிட்டார்.

பத்து ஐம்பதுக்கு நஸ்ரீன் சுவிட்சைப் போட்டாள். இரண்டு விசிறிகளும் சுழன்றன. சத்தமே இல்லை, மூச்சு விடுவது போல ஒரு இழை மட்டும். கூலர் உயரமாக இருந்ததால் பக்கக் கதவை மூட முடியவில்லை. திறந்தே விட்டார்கள். திரையில் வெறும் வெண்மை. ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். நாடி மெல்ல ஏறியது. ஏகாம்பரம் விரலைச் சப்பியபடி நின்றார்.

பிறகு எழுத்து வந்தது.

காத்து வருது.

அடுத்த வரிக்கு வெகுநேரம் ஆனது.

சுண்ணாம்புப் பொடி பறக்குது. நல்லா இருக்கு.

நஸ்ரீன் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். ஏகாம்பரம் அழுததை அவள் பார்க்கவில்லை என்றே இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஏகாம்பரத்துக்கே கனவு போலிருந்தன. வெளியே அக்கினி நட்சத்திரம் எரித்தது. தார் ரோடு இளகியது. உள்ளே தேவசேனாவின் மைதானத்தில் காற்று வீசியது. முதலில் மேகம் வந்தது. பிறகு கோட்டின் ஓரத்தில் ஒரு வேப்பமரம் வந்தது. பூ உதிர்ந்து தன் தோளில் விழுவதாகச் சொன்னாள். ஏரியில் தண்ணீர் ஏறியது, நாரை வந்தது. நாரை ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்து, பேலன்ஸ் நல்லா இருக்கு, ஜில்லா அளவுல ஜெயிக்கும் என்றாள். ஏகாம்பரம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு மைக்கருகே உட்கார்ந்துவிடுவார். போளூர் பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் கேட்டவர் கதை, மழையில் கூரை ஒழுகிய பஸ்ஸில் பயணிகள் குடை விரித்துக்கொண்டு உட்கார்ந்து வந்த கதை என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவள் கேட்பாள். ஒரு நாள் எழுதினாள்:

உட்கார்ந்துட்டேன். கால் நீட்டி எத்தனை நாளாச்சு.

அவரும் "உக்காரு சேனா, நல்லா உக்காரு" என்றார்.

நாலாவது வாரம் டாக்டர் ஃபோன் செய்தார். குரலில் தயக்கம் இருந்தது.

"ஏகாம்பரம், ஒண்ணு சொல்லணும். வெயில் அடிச்ச மாசங்கள்ல அவங்க மூளை தானாவே ஒரு பாதை போட ஆரம்பிச்சிருந்தது. சின்னதுதான். ஆனா வாராவாரம் வளர்ந்தது. கூலர் போட்ட நாள்லேர்ந்து அப்படியே நின்னுடுச்சு."

"ஏன் மேடம்? இப்பத்தான் நிம்மதியா இருக்கா."

"அதான். பரிசல் தாமதமா வந்தப்ப, கரையில நிக்க முடியாம அவங்களே பாலம் கட்டப் பார்த்தாங்க. இப்பக் கேட்ட உடனே பரிசல் வருது. பாலம் எதுக்கு? மூளை சும்மா இருந்துடுச்சு."

விசிறிகளின் மெல்லிய இழை அறை முழுக்கக் கேட்டது.

"இப்படியே விட்டா?"

"இப்படியே இருப்பாங்க. வருஷக்கணக்கா. கஷ்டம் இல்லாம. முழிச்சாலும் எல்லாம் பழையபடி இருக்கும்னு நான் வாக்கு தர முடியாது. யோசிங்க."

மறுநாள் காலை, திறந்து கிடக்கும் பக்கத்துக்கு வலை அடித்துப் போட நஸ்ரீன் வந்தாள். ஏகாம்பரம் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். ஃபேனைக் குறைக்க வழியிருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு. ஸ்க்ரீன்லயே நூறுலேர்ந்து கீழ இறக்கிக்கலாம். மிஷின் அணையற அளவுக்குச் சூடு போனா அதுவே முழு வேகத்துக்கு ஏறிக்கிற மாதிரி வச்சிடறேன்." வலையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரி நின்றது. "ஆனா அண்ணே, அக்கா கிட்ட கேட்டீங்களா?"

"இன்னான்னு கேக்கறது? இது கனவுன்னு அவ கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. குழம்பிடுவாளாம்."

"குழம்பட்டும். நிழல்ல உக்காந்திருக்கிற மனுஷிய, கேக்காம கொள்ளாம வெயில்ல புடிச்சித் தள்றதுக்கு அது மேல் இல்லையா?"

அவள் போன பிறகு வெகுநேரம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவசேனா தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். மீன் கடிக்குது என்று எழுதினாள். அவர் மைக்கை இழுத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். ஸ்கூட்டி. தடுப்பு. பதினைந்து மாதம். கட்டில். கம்பி. அந்த மைதானம் இல்லை, மரம் இல்லை, காற்று நான் மாட்டிய விசிறி. முழித்தால் வலி இருக்கும். கால் உடனே நடக்காது. எதெது மிஞ்சும் என்று டாக்டருக்கே தெரியாது. இங்கேயே இருந்தால் வலி இல்லை. எதையும் அவர் மறைக்கவில்லை. டிக்கெட் விலையைச் சொல்வது போல ஒரே குரலில் சொல்லி முடித்தார்.

திரை வெண்மையானது. அன்று முழுக்க எழுத்தே வரவில்லை. மறுநாளும் இல்லை. தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் காபி கலந்துகொண்டு வந்தவர் திரையைப் பார்த்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

ஒரேயடியாக் குறைக்காதீங்க. முட்டாள்தனம். ஆறு மாசம் ஓடாத பிள்ளையை முதல் நாளே எண்ணூறு மீட்டர் ஓட விடுவாங்களா? ஒரு நாளைக்கு ரெண்டு. நான் சொல்றப்ப நிறுத்தணும்.

பதினைந்து மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மறுபடியும் ஒரு விசில் ஊதியது போலிருந்தது.

அன்றிலிருந்து அவள்தான் கோச். அவர் திரையில் விசிறியின் எண்ணை இறக்குவார். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றாறு. அவள் எழுந்து கோட்டின் மேல் நின்றாள். நடந்தாள். எண்பதில் நாரை பறந்து போனது. எழுபதில் ஏரி வற்றியது. இன்னைக்கு ரெண்டு ரவுண்டு என்பாள். இன்னைக்கு முடியலை, ஏத்துங்க என்பாள். அவர் ஏற்றுவார். அவள் மரத்தடியில் படுத்துக்கொள்வாள்.

ஒரே ஒரு நாள் அவர் ஏற்றவில்லை. ஐம்பத்திரண்டில் நின்றபோது அவள் ஏத்துங்க என்று எழுதினாள். காலையில்தான் டாக்டர், பாதை வேகமாக வளர்வதாகச் சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்சம் தாங்கினால் நல்லதுதானே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "ஏத்திட்டேன்" என்றார். அரை மணி நேரம் கழித்து எழுத்து வந்தது.

நீங்க ஏத்தலை. எனக்குத் தெரியுது.

அவர் நூறுக்கு ஏற்றினார். மன்னிப்புக் கேட்டார். அவள் அன்று பதில் எழுதவில்லை. மறுநாள் எதுவும் நடக்காதது போல, ஐம்பத்திரண்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம் என்றாள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், எத்தனைல இருக்கு, எண்ணைப் படிங்க என்று கேட்க ஆரம்பித்தாள். அவரும் ஒவ்வொரு முறையும் படித்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அவரைச் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆடி பிறந்தது. மரம் போய்விட்டது. மேகம் போய்விட்டது. எண் இருபத்திரண்டில் இருந்த ஒரு காலைப்பொழுதில் அவள், கோடு முடியுது. முன்னாடி ஒண்ணும் இல்லை. இறங்கறேன் என்று எழுதினாள். பிறகு திரை வெறுமையாக நின்றது. ஏகாம்பரம் கட்டிலுக்கு ஓடினார். அவள் இமை துடித்துக்கொண்டிருந்தது. திறந்தது.

வெளிச்சத்துக்குக் கூசி மறுபடி மூடி, மறுபடி திறந்தாள். தொண்டை பழகிப் பேச்சு வர மேலும் இரண்டு வாரம் ஆனது. அதுவரை யாரும் அவளிடம் பேச வேண்டாம், பதில் சொல்லப் போய்த் தொண்டையை வருத்திக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பியை எடுத்தார்கள். மூளை போட்ட பாலம் நின்றது. நஸ்ரீன் இனிப்போடு வந்து வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தேவசேனா அவளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், ஏகாம்பரத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரைப் பார்ப்பது போல, மரியாதையாக. அவருக்கு அது சரியாகப் படவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

பேச்சு வந்த நாளன்று தண்ணீரை ஸ்பூனில் எடுத்து, ஒன்றும் பேசாமல் அவள் உதட்டில் வைத்தார். விழுங்கிவிட்டு, கரகரத்த குரலில் அவள் முதல் வார்த்தையைச் சொன்னாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் எங்க?"

ஸ்பூன் தம்ளரில் இடித்தது.

"இங்கதான் இருந்தார். பேசிக்கிட்டே இருப்பார். ரெண்டு வாரமா உங்களத்தான் பாக்கறேன்."

மாலையில் வந்த டாக்டர் சத்தியபாமா நாலைந்து படங்களைக் காட்டிப் பரிசோதித்தார். பிறகு அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். பாலம் சரியாக இருக்கிறது. ஆனால் முகங்களைக் கண்டுகொள்கிற இடம் அந்த வெள்ளத்தோடு போய்விட்டது. கண், மூக்கு, வாய் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து ஒரு ஆளாகத் தெரியாது. யாருடைய முகமும் தெரியாது. கண்ணாடியில் அவளுடையதே தெரியாது. அது திரும்பி வராது.

அவர் உள்ளே வந்து கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேனா. நான்தான்," என்றார்.

அவள் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். குரல் வேறெங்கிருந்தோ வந்தது போல. திரும்பி இந்த நரைத்த மீசையையும், அதன் மேலிருந்த மூக்கையும், ஈரமான கண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் எதனோடும் சேரவில்லை. அந்தத் தவிப்பை அவள் முகத்தில் பார்ப்பது அவருக்கு வெயிலை விடக் கொடுமையாக இருந்தது.

அவள் சற்று யோசித்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

"இப்பப் பேசுங்க."

வருஷக்கணக்காகப் பேசித் தீர்த்தவருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு வார்த்தை அகப்படவில்லை. "என்ன பேசறதுன்னு தெரியலயே சேனா," என்றார்.

மூடிய கண்களோடு அவள் முகம் மெல்லத் தளர்ந்தது. உதடு விரிந்தது. கை தானாக நீண்டு அவருடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"நீங்கதான்," என்றாள். பிறகு, "கண்ணைத் திறக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஏகாம்பரம் அவள் கையை இறுக்கிக்கொண்டார்.

"இப்ப வேணாம் சேனா. இன்னும் கொஞ்ச நேரம்."